கன்னிசாமி போட்டோ

தம்பி, போன தீபாவளிக்கு என் பழைய போனில் கிடந்த ஒரு போட்டோவைக் கண்டுபிடித்து, கள்ளக்குறிச்சியில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாய். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, தாடி, நெற்றி நிறையச் சந்தனம். சபரிமலைக்கு முதல் தடவை மாலை போட்டவன் கன்னிசாமி. அதனால் "கன்னிசாமி அப்பா" என்று நீயே பேர் வைத்தாய். நான் அதை வாங்கி, பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்துவிட்டேன். "இன்னாப்பா, நல்லாத்தான இருக்குது" என்றாய். இரண்டு நாள் நீ எனக்கு முகம் கொடுக்கவில்லை.

பாப்பா, உனக்கு அந்த வருஷத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். தெரிந்தும் நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதோ ஒரு பொய்யைச் சொல்லி அன்றைக்கே முடித்திருப்பேன். நீ கேட்காமல் விட்டதால் அது எனக்குள்ளேயே கிடக்கிறது. எட்டாவது வரை படித்தவன் நான். தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தம்பி, உனக்கு டெங்கு வந்தது நினைவிருக்கிறதா? அப்போது நீ இரண்டாவது படித்தாய். ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொன்ன நாளில், வெளியே மரத்தடியில் நின்று முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். பிள்ளை எழுந்து வீட்டுக்கு வந்தால் ஆடிக் கிருத்திகைக்குக் கன்னத்தில் அலகு குத்திக்கொள்கிறேன் என்று. பக்கத்தில் நின்றவர், நீங்கள் லோடு மாமா என்று கூப்பிடுவீர்களே, அவர். என் மினி லாரியில் ஏழு வருஷம் கூடவே வந்தவர். கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிச் சின்னசேலத்துப் பக்கம் ஜவ்வரிசி மில்லில் இறக்குவோம். வெள்ளிமலையிலிருந்து வரும்போது உங்களுக்குச் சீத்தாப்பழம் பொறுக்கிச் சட்டையில் கட்டிக்கொண்டு வருவாரே, அவர்தான். நான் வேண்டிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, "மச்சான், நானும் குத்திக்கிறேன். ரெண்டு பேரா கேட்டா சாமிக்கு மறுக்க முடியாது" என்றார்.

நீ பிழைத்தாய். ஆடிக் கிருத்திகையும் வந்தது.

அலகு என்பது தெரியும் உங்களுக்கு, ஒரு சாண் நீளக் கம்பி, முனையில் சின்ன வேல். பித்தளைத் தட்டில் பூசாரி நாலைந்து வைத்திருப்பார். ஒருவர் குத்திக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்ததும் எடுத்து, எலுமிச்சம்பழத்தில் தேய்த்து, விபூதியில் புரட்டி, அடுத்தவருக்குக் குத்துவார். காலம் காலமாக அப்படித்தான். அன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் லோடு மாமா. அவர் இடுப்பில் மஞ்சள் துணியில் ஏதோ சுற்றிச் சொருகியிருந்தார். விபூதி என்று நினைத்தேன். கற்பூரப் புகையும் உடுக்கைச் சத்தமும் சேர்ந்து எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவருக்குக் குத்தியதை நான் பார்க்கவில்லை. எனக்குக் குத்தியதுகூடக் குளிர்ந்த விரல் பட்டது போலத்தான் இருந்தது. உங்கள் சித்தப்பா எங்கள் இரண்டு பேரையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்.

மூன்றே நாளில் கன்னம் ஆறிவிட்டது.

புரட்டாசியில், கிழங்கு வியாபாரி ஒருவரைக் கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போயிருந்தேன். சீட்டு வாங்கத் தேடிப் போன இடத்தில், ஒரு அறை வாசலில் வரிசையில் லோடு மாமா நின்றுகொண்டிருந்தார். மேலே இருந்த பலகையைப் படித்தேன். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கிற இடம். அவர் ஒரு பெரிய மருந்து டப்பாவை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டு, வேறு யாரையோ தேடுகிற மாதிரி நடந்துவிட்டேன்.

மறுநாள் காலை கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"நேத்து பார்த்துட்ட."

"இன்னாத்த?"

"சரி வுடு. கேக்கணும்னா கேளு மச்சான். சொல்றேன்."

"எனக்கு இன்னா கேக்கறதுக்கு இருக்குது" என்றேன். அடுத்த வளைவில் தேவையில்லாமல் ஹாரன் அடித்தேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்குக் கேட்டிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

அன்று சாயந்திரம் கன்னத்தின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பார்த்தேன். அலகு நுழைந்த இடத்தில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. இரண்டு மாதமாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது. ஒரு வாரத்தில் அதே இடம் புண்ணாகிவிட்டது. பிறகு தாடைக்கு அடியில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தொடையில் அரிப்பு. காலையில் எழுந்தால் பனியன் ஈரம். வயிறு சரியில்லை. ஜவ்வரிசி மில்லில் மூட்டை நிறுக்கிற தராசில், யாரும் பார்க்காதபோது ஏறி நிற்பேன். அறுபத்திரண்டு கிலோ இருந்தவன் அறுபதுக்கு வந்திருந்தேன். மருந்துக் கடையில் வாய்ப்புண்ணைக் காட்டினேன். "சூடுண்ணே, மோர் குடிங்க" என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அதைக் கால்வாயில் போட்டேன். எனக்கு வந்தது சூடு இல்லை என்று எனக்கு அவ்வளவு உறுதி.

எனக்கு டைப் அடிக்க வராது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனின் மைக்கை அழுத்தி வாய்க்குள்ளேயே சொல்லுவேன். "எச்ஐவி அறிகுறிகள்." அது கேட்காமல் திரும்பச் சொல்லச் சொல்லும். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டும். வீடியோ வீடியோவாக வரும். ஒவ்வொன்றிலும் என் உடம்பில் இருப்பது ஒன்று இருக்கும். இல்லாதது மறுநாள் வந்துவிடும்.

அந்த போனில்தான் பாப்பா நீ பாடம் பார்ப்பாய். எனக்கு அந்த யோசனையே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். என் முகத்தைப் பார்க்காமல், "அப்பா, இங்க போயி இத அழுத்துனா, முன்னாடி பார்த்ததெல்லாம் அழிஞ்சிடும்" என்று சொல்லிக் கொடுத்தாய். நீயே அழுத்தினாய். "தெர்ஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய், துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாய். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. அப்பா எங்கோ போய்விட்டு வந்திருக்கிறான் என்றுதானே நினைத்திருப்பாய்? அப்படி இல்லை என்று அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அலகால் வந்தது என்று சொன்னால், அதற்குள் தம்பியின் உயிர் இருக்கிறது, முருகன் இருக்கிறார். எல்லாவற்றையும் இழுக்க வேண்டும்.

என் பயமெல்லாம் உங்கள் அம்மாதான். எனக்கு இருந்தால், ஆடியிலிருந்து புரட்டாசி வரைக்கும் அவளுக்கும் கொடுத்திருப்பேன். இரண்டு பேரும் போய்விட்டால் உங்களுக்கு யார்? இதைத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நினைப்பேன். டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் டெஸ்ட் எடுக்கிற இடம், லோடு மாமா நின்ற அதே கட்டிடம். அங்கே என்னை ஒருத்தர் பார்த்தால் போதும் என்று போகாமலே இருந்தேன்.

அதற்கு நான் கண்டுபிடித்த வழிதான் மாலை. கார்த்திகை ஒன்றாம் தேதி குருசாமியிடம் போய் மாலை போட்டுக்கொண்டேன். மாலை போட்டால் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். பெண்டாட்டி பக்கம் போகக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காததோடு நிற்காமல் கும்பிடுவார்கள். முகம் இளைத்தால் தாடி மறைக்கும். இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் போட்டேன். அந்தப் போட்டோவில் இருக்கிற பக்தி இவ்வளவுதான், தம்பி.

முதல் நாள் காலையில், பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து நின்றேன். உங்கள் அம்மா தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு வந்து, "சாமி சரணம்" என்று என் காலில் விழுந்தாள். சாமியின் காலில் வீட்டுக்காரி விழுவது வழக்கம்தான். ஆனால் அவள் நெற்றி என் பாதத்தில் பட்டபோது காலை இழுத்துக்கொண்டேன். "இன்னா சாமி?" என்றாள். "ஜில்லுனு இருக்குது" என்றேன். நாற்பது நாளும் விழுந்தாள். நீங்களும் விழுந்தீர்கள்.

இதைவிட மோசமானதை இன்னும் சொல்லவில்லை.

லோடு மாமாவை வண்டியில் ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். "லோடு கம்மி, நானே பார்த்துக்கிறேன்" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மலையடிவாரத்து டீக்கடையில் மற்ற லோடு ஆட்கள் கேட்டார்கள்.

"இன்னா சாமி, மச்சான் மச்சான்னு ஒட்டிகினு திரிவீங்களே. எங்க ஆளையே காணோம்?"

"ஒடம்பு சரியில்ல அவனுக்கு."

"இன்னா ஒடம்பு?"

நான் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே சொன்னேன். "மாசா மாசம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில மாத்திரை வாங்கறானே. அந்த ஒடம்பு."

அவ்வளவுதான் சொன்னேன். யாரும் மேலே கேட்கவில்லை. ஒருவர் மட்டும், "அடப்பாவி, அவன் குடிச்ச டம்ளர்லயா நாங்க இத்தினி நாளா குடிச்சிகினு இருந்தோம்" என்றார். அடுத்த வாரம் நான் போனபோது லோடு மாமா அங்கே நின்றுகொண்டிருந்தார். எல்லாருக்கும் கண்ணாடி டம்ளர். அவருக்கு மட்டும் பேப்பர் கப். அவர் கப்பைப் பார்த்தார், டீ மாஸ்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குடிக்காமல் அப்படியே பலகையில் வைத்துவிட்டு நடந்தார். அதோடு அந்தப் பக்கம் அவர் லோடுக்கு வரவில்லை. என் ரத்தத்தில் இருக்குமோ என்று பயந்த அதே நோய்க்காக, அவரை ஊரில் காட்டிக்கொடுத்தேன். அது ஏன் என்று இன்றைக்கும் என்னால் உங்களுக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை.

மார்கழி வந்தது. இருமுடி கட்டுகிற நாள் நெருங்கியது. தராசில் ஐம்பத்தேழு. பொய்க்குப் போட்ட மாலையோடு பதினெட்டுப் படி ஏறப் பயமாக இருந்தது. ஒரு காலையில், மலைக்குப் போக வேண்டிய வண்டியைக் கள்ளக்குறிச்சிக்குத் திருப்பினேன்.

கறுப்பு வேட்டியோடு போய் நின்றேன். வரிசையில் இருந்தவர்கள், "சாமி முன்னாடி போங்க" என்று வழி விட்டார்கள். அதைவிட அவர்கள் என்னை அடித்திருக்கலாம். உள்ளே ஆலோசனை சொல்கிற அம்மா இருந்தார். சின்ன வயது.

"உக்காருங்க சாமி. எதனால டெஸ்ட் எடுக்கணும்னு நினைக்கிறீங்க?"

நான் மேசைமேல் இருந்த நோட்டைப் பார்த்தேன்.

"எல்லாரையும் கேக்கறதுதான், தப்பா நினைக்காதீங்க. வெளியில வேற யார்கூடவாவது..."

"அய்யய்யோ, இல்லம்மா" என்று மாலையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அலகு கதையைச் சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. "ஒரே ஊசியை மாத்தி மாத்திக் குத்தறது தப்புதான். பயந்ததுல நியாயம் இருக்குது. ஆனா எத்தனை மாசம் ஆச்சு?" என்றார். ஆடியிலிருந்து எண்ணினேன். நாலு மாதத்துக்கு மேல். "இப்ப பார்த்தா சரியா தெரிஞ்சிடும். அப்பவே வந்திருக்கலாமே சாமி. வூட்ல தனித் தட்டு, தனி டம்ளரா?"

"மாலை போட்டிருக்கறதால..." என்றேன்.

"தட்டுலயும் டம்ளர்லயும் இது வராது. அது தெரியுமில்ல?"

ரத்தம் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நிழல் வந்து முன்னால் நின்றது. அன்றைக்கு அவருக்கு மாத்திரை வாங்குகிற நாள்.

"சாமி சரணம்" என்றார் லோடு மாமா. கையெடுத்துக் கும்பிட்டார். "சாமிக்கு இங்க இன்னா வேலை?"

கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பக்கத்தில் உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

"அலகா? எனக்குக் குத்துனத உனக்குக் குத்துனாங்கன்னு நெனச்சியா?"

"நீ எனக்கு முன்னாடி நின்ன."

"தியாகதுருகத்துல கடையில புதுசா ஒண்ணு வாங்கி, மஞ்சத் துணியில சுத்தி இடுப்புல வெச்சிகினு வந்தேன். பூசாரிகிட்ட, 'இது எனக்கு மட்டும், தட்டுல வெக்காதீங்க'ன்னேன். இன்னாத்துக்குன்னாரு. வேண்டுதல்னேன். முடிஞ்சதும் நானே எடுத்துகினு போய் ஆத்துல போட்டேன். உன் புள்ளைக்குன்னு வேண்டிகினு உனக்கே குத்தி வெப்பனா நானு?"

உள்ளே என் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். இல்லை என்று வந்திருந்தது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். உள்ளே இருக்கிற தழும்பு கடைவாய்ப் பல்லில் மாட்டி மாட்டிப் புண்ணாகிறது என்றார்கள். "ஒரு வேளை சாப்பாடு, ரெண்டு வேளை பச்சத் தண்ணிக் குளியல், கூடவே இந்தப் பயம். எடை எறங்காம இன்னா பண்ணும் சாமி?" என்றார் அந்த அம்மா. அரிப்பு எதனால் வந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. அதுவாகவே போய்விட்டது.

வெளியே வந்தேன். அவர் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா வந்துது?"

"இல்லன்னு வந்துது."

"நல்லது." முகத்தில் நிஜமாகவே ஒரு நிம்மதி தெரிந்தது. அதுதான் என்னை அறுக்கிறது. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்: "என் கத டீக்கடையில சொன்ன இல்ல? இதையும் போய்ச் சொல்லு."

அன்று மதியம் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாவு பிசைந்த கையோடு கேட்டாள். டெஸ்டில் ஒன்றும் இல்லை என்றதும் கண்ணை மூடித் திறந்தாள். அடுத்த மூச்சில், நாற்பது நாளாகச் சாமி சாமி என்றவள் மாறிவிட்டாள்.

"அப்ப இதுக்குத்தான் உன் கால்ல வுழுந்துகினு இருந்தேனா நானு?"

"தெரியாம..."

"இன்னா தெரியாம? தெரிஞ்சுதான நீ நின்ன. நான்தான் தெரியாம வுழுந்தேன்." கையைக் கழுவிவிட்டு வந்தாள். "எனக்கு வந்துருக்குமோன்னு பயந்தியே, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? நானும் போய்ப் பார்த்திருப்பேனில்ல? மொதல்ல அந்த மனுசனுக்குப் பண்ணதுக்குப் போய் பதில் சொல்லு. அப்புறம் மலைக்குப் போறியோ எங்க போறியோ."

நான் அந்த வருஷம் மலைக்குப் போகவில்லை. குருசாமியிடம் உண்மையைச் சொல்லி மாலையைக் கழற்றினேன். உங்களிடம் முதுகுவலி என்றேன்.

டீக்கடைக்கு இரண்டு நாள் போய், சொல்லாமல் திரும்பினேன். மூன்றாவது நாள், கூட்டம் இருக்கும்போதே சொன்னேன். அவர்கூட உட்கார்ந்து குடிப்பதால் யாருக்கும் எதுவும் வராது என்றேன். எனக்குப் பயம் வந்து நானும் டெஸ்ட் எடுத்தேன் என்றும் சொன்னேன்.

"டெஸ்ட்டா? நீ இன்னாத்துக்குய்யா எடுத்த?" என்றார் ஒருவர்.

"அலகு..."

"அலகாம்ல!" என்று இன்னொருவர் சிரித்தார். "மலைக்கு லோடு ஏத்தப் போனியா, வேற எதுக்காவது போனியா?" எல்லாரும் சிரித்தார்கள். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். டீ வந்தது. எனக்குப் பேப்பர் கப். இல்லை என்று வந்தது என்று சட்டைப் பையில் இருந்த சீட்டை எடுத்துக் காட்டியிருக்கலாம். கை பைக்குப் போனது. எடுக்கவில்லை. அந்த டீயை முழுசாகக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அன்று வண்டியில் உட்கார்ந்து, சித்தப்பா ஆடியில் அனுப்பிய போட்டோவைத் தேடினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பேர் கன்னத்திலும் ஒரே நேரத்தில் அலகு இருந்தது. என் கன்னத்தில் கோயிலின் பழைய பித்தளை வேல். அவர் கன்னத்தில் புதுசாகப் பளபளக்கிற வெள்ளை வேல். எந்த போனில் அத்தனை வீடியோ பார்த்தேனோ, அதே போனில்தான் அது அத்தனை மாதமும் இருந்தது. நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

இப்போது அவர் தியாகதுருகத்தில் மக்காச்சோளக் குடோனில் வேலை பார்க்கிறார். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார், என்னைவிடத் தெம்பாக இருக்கிறார். இதை எழுதலாமா என்று போன மாதம் நேரில் போய்க் கேட்டேன். அவரைக் கேட்காமல் அவர் கதையை இன்னொரு தடவை யாரிடமும் சொல்லக் கூடாது. மூட்டைமேல் உட்கார்ந்து யோசித்தார்.

"புள்ளைங்களுக்குத்தான? எழுது. பேரு போடாத."

"அந்த ஆடி போட்டோவ பெருசா பிரிண்ட் போட்டு வூட்ல மாட்டட்டுமா? நம்ம ரெண்டு பேரும் இருக்கறது."

"அதெல்லாம் வேணாம்" என்றார். பிறகு, "பையன் எப்படி இருக்கான்? இப்பவும் சீத்தாப்பழம்னா கொட்டயோட முழுங்குறானா?" என்று கேட்டார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கண்ணாடி டம்ளரில்.

தம்பி, அதனால்தான் அந்தப் பெரிய போட்டோ சுவரில் இல்லை. பாப்பா, நீ அன்றைக்கு என்ன நினைத்தாயோ அது இல்லை. ஆனால் நடந்தது அதைவிட நல்லதும் இல்லை.

கிளம்பும்போது அவர் குடோன் வாசல் வரை வந்தார். "வரேன்" என்றேன். முன்பெல்லாம் அவர் சொல்கிற ஒரு வார்த்தைக்காகக் கொஞ்சம் நின்றேன்.

"பார்த்து ஓட்டு, சாமி" என்றார்.

மாலையைக் கழற்றி இத்தனை வருஷம் ஆகிறது. அவர் இன்னும் என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை.